எடிட்டர் உங்களுடையது, கோப்பு எல்லோருடையது

ஒரே ஒரு நிபந்தனையைத் திருத்தியிருப்பதாகச் சொல்லி எங்கள் குழுவில் ஒரு தம்பி, தன் மாற்றத்தைப் பொது நிரலில் சேர்க்கக் கேட்டு புல் ரிக்வெஸ்ட் அனுப்பியிருந்தார். திறந்து பார்த்தால் கோப்பு முழுக்க, நீக்கிய வரிகளின் சிவப்பும் சேர்த்த வரிகளின் பச்சையுமாக இருந்தது. ஒற்றை மேற்கோள் குறிகள் இரட்டையாகியிருந்தன. நீளமான வரிகள் நாலாக உடைந்திருந்தன. வரிக் கடைசியில் இருந்த காலி இடங்கள் காணாமல் போயிருந்தன. அவர் திருத்திய வரியை இத்தனைக்கும் நடுவில் தேடிப்பிடிக்க வேண்டியிருந்தது. தம்பி சொன்னது உண்மைதான், அவர் கை வைத்தது ஒரு வரியில்தான். சேவ் செய்யும்போதே நிரலைச் சீராக்கிக் கொடுக்கும் ஃபார்மேட்டர் ஒன்றை யாரோ சொல்லி அந்த வாரம்தான் தன் எடிட்டரில், அதாவது நிரல் எழுதும் மென்பொருளான விஎஸ் கோடில், போட்டிருந்தார். மீதி வேலையை அது செய்துவிட்டது.

ரிவ்யூ பொறுப்பில் இருப்பவர்கள் இதை அடிக்கடி பார்ப்பார்கள். எடிட்டரை நம் வசதிக்கு மாற்றிக்கொள்வது பற்றிக் கல்லூரியிலும் அலுவலகத்திலும் நிறையப் பேசுகிறோம். ஆனால் எந்தத் தீம், எந்த எழுத்துரு, விம் என்ற எடிட்டரா விஎஸ் கோடா என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. நாம் மாற்றும் ஒரு செட்டிங் நம் திரையை மட்டும் மாற்றுகிறதா, கோப்பையே மாற்றுகிறதா, இல்லை யாரோ எழுதிய நிரலை நம் கணினியில் ஓட விடுகிறதா என்று கேட்பவர்கள் குறைவு. அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

திரையை மட்டும் மாற்றுபவை உங்கள் சொந்த விஷயம். அதில் யாருடைய சம்மதமும் வேண்டாம். எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும்போது பூஜ்யமும் ஆங்கில ஓ-வும், ஒன்றும் சிறிய எல்-லும் பெரிய ஐ-யும் தனித்தனியாகத் தெரிகின்றனவா என்று மட்டும் பாருங்கள். ஷார்ட்கட் விசைகளையும் தயங்காமல் மாற்றலாம், அவற்றில் சில பழைய விசைப்பலகைக்கு ஏற்ப அமைந்தவை. பில் ஜாய் 1976-இல் பெர்க்லியில், விம்மின் முன்னோடியான விஐ எடிட்டரை எழுதியபோது பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ என்ற திரையும் விசைப்பலகையும் சேர்ந்த டெர்மினலில், விஐ-யில் கர்சரை நகர்த்தும் ஹெச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அம்புக்குறிகள் அச்சிடப்பட்டிருந்தன. எஸ்கேப் விசை இன்றைக்கு டாப் இருக்கும் இடத்தில் இருந்தது. இன்றைய விசைப்பலகையில் எஸ்கேப்புக்காகக் கையை நீட்டி நீட்டி மணிக்கட்டு வலித்தால் கேப்ஸ் லாக்கை எஸ்கேப்பாக மாற்றிக்கொள்ளுங்கள். ஈமேக்ஸ் என்ற எடிட்டரைப் பயன்படுத்துபவர்கள் அதையே கன்ட்ரோலாக மாற்றுவார்கள். இடது சுண்டுவிரல் வலி அவர்களிடையே பழைய புகார். வலியைப் பொறுத்துக்கொண்டு பழகுவதில் எந்தப் பெருமையும் இல்லை.

தமிழ்ச் சொற்களைக் கையாளும் நிரல் எழுதுபவர்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் சாளரம், திரையை ஒரே அளவுக் கட்டங்களாகப் பிரித்துத்தான் எழுத்துகளைக் காட்டும். அதனால் டெர்மினலில் ஓடும் விம்மில் கொம்பும் காலும் விலகி நிற்கலாம், கர்சர் தப்பான இடத்தில் தெரியலாம். கோப்பில் பிழை இருக்காது. இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். 'கொ' என்ற எழுத்தில் க-வுக்குப் பின்னால் வரும் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. பைத்தானில் நீளம் கேட்டால் முதலாவதற்கு 2 வரும், அடுத்ததற்கு 3 வரும். இரண்டும் சமமா என்று கேட்டால் இல்லை என்று சொல்லும். பெயரைத் தேடினால் கிடைக்கவில்லை என்று வரும் புகார்களில் இதுவும் ஒரு காரணம். விம்மில் எழுத்தின் மேல் கர்சரை வைத்து ஜி, ஏ என்ற விசைகளை அடுத்தடுத்துத் தட்டினால் உள்ளே இருக்கும் குறியீட்டு எண்கள் தெரியும். நீங்கள் எந்த எடிட்டர் வைத்திருந்தாலும் அதில் இந்த வசதி எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கோப்பை மாற்றும் செட்டிங்குகளுக்கு வருவோம். வரியை உள்தள்ள டாபா ஸ்பேஸா என்ற சண்டை இங்கேதான் நடக்கிறது. இதில் நம் விருப்பத்துக்கு உண்மையில் பெரிய இடம் இல்லை. பைத்தானின் நடைக் கையேடான பெப் 8 நான்கு ஸ்பேஸ் என்கிறது. கோ மொழியின் ஃபார்மேட்டரான ஜிஓஃபேம்ட் டாப் போட்டுவிடும், பேச்சுவார்த்தைக்கே இடமில்லை. நிரலைக் கட்டும் மேக் என்ற கருவி படிக்கும் மேக்ஃபைலில் கட்டளை வரிகள் டாபில்தான் தொடங்க வேண்டும். எல்லாக் கோப்பிலும் டாபை ஸ்பேஸாக மாற்று என்று எடிட்டருக்குப் பொத்தாம்பொதுவாகச் சொல்லிவைத்தால் மேக், 'செபரேட்டர் இல்லை' என்று நின்றுவிடும். கண்ணால் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். வரிக் கடைசிக் காலி இடத்தை நீக்குவதும் அப்படித்தான். எளிய குறிகளோடு ஆவணம் எழுதும் மார்க்டவுனில் வரிக் கடைசியில் வரும் இரண்டு ஸ்பேஸுக்கு 'இங்கே வரியை உடை' என்று பொருள். அது போனால் ஆவணத்தின் அமைப்பே மாறிவிடும். விண்டோஸில் சேமித்த, கட்டளைகள் அடங்கிய ஷெல் ஸ்கிரிப்ட் லினக்ஸ் சர்வரில் 'பேட் இன்டர்ப்ரிட்டர்' என்று விழுவதும் வரி முடிவுக் குறியால்தான். எந்த நிரலால் ஓட்ட வேண்டும் என்று சொல்லும் முதல் வரியின் கடைசியில் ஒட்டிக்கொண்ட கண்ணுக்குத் தெரியாத கேரேஜ் ரிட்டர்னையும் சேர்த்து நிரலின் பெயராக எடுத்துக்கொண்டு அப்படி ஒரு நிரல் இல்லை என்கிறது லினக்ஸ்.

இவற்றை யாருடைய சொந்த எடிட்டரிலும் வைக்கக் கூடாது, ப்ராஜெக்டுக்குள் வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எடிட்டர்கான்ஃபிக் என்று ஒரு சின்னக் கோப்பு இருக்கிறது. ப்ராஜெக்டின் மேல் ஃபோல்டரில் அதை வைத்து, எந்த வகைக் கோப்புக்கு டாபா ஸ்பேஸா, எத்தனை ஸ்பேஸ், வரி முடிவு எது, எந்த என்கோடிங் என்று எழுதிவிடலாம். ஜெட்பிரெயின்ஸ் எடிட்டர்கள் அதைத் தாமே படிக்கும், விம்மிலிருந்து கிளைத்த நியோவிம் 0.9-இலிருந்து படிக்கிறது, விஎஸ் கோடுக்கு எக்ஸ்டென்ஷன் என்ற கூடுதல் நிரல் ஒன்று வேண்டும். ஃபார்மேட்டர் எது, எந்தப் பதிப்பு என்பதையும் குழுவாகப் பேசி, நிரலைச் சேமிக்கும் ரிப்பாசிட்டரிக்குள் எழுதி வைத்துவிடுங்கள். பழைய நிரல் முழுவதையும் சீராக்க வேண்டுமென்றால் அதைத் தனி கமிட்டாக, அதாவது தனியாகப் பதிந்த ஒரு மாற்றமாகச் செய்யுங்கள். மாற்றங்களைப் பதியும் கருவியான கிட்டில், 2019-இல் வந்த 2.23 பதிப்பு முதல், அப்படிப்பட்ட கமிட்களின் பட்டியலைக் கொடுத்தால், ஒரு வரியைக் கடைசியாக யார் மாற்றினார் என்று சொல்லும் பிளேம் கட்டளை அவற்றைத் தாண்டி, வரியை உண்மையில் எழுதியவரைக் காட்டும். அந்தத் தம்பிக்கும் இதைத்தான் சொன்னேன். ஃபார்மேட்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

எனக்கு அதிகக் கவலை தருவது எக்ஸ்டென்ஷன்கள். போனில் ஒரு செயலியை நிறுவினால் கேமரா வேண்டுமா, தொடர்புகள் வேண்டுமா என்று தனித்தனியாக அனுமதி கேட்கும். விஎஸ் கோட் எக்ஸ்டென்ஷனுக்கு அப்படி எதுவும் கிடையாது. நீங்கள் எதையெல்லாம் செய்ய முடியுமோ அதையெல்லாம் அதுவும் செய்ய முடியும். சர்வருக்குள் நுழைய உதவும் உங்கள் எஸ்எஸ்ஹெச் சாவியைப் படிக்கலாம், பாஸ்வேர்டு எழுதிய கோப்பைத் திறக்கலாம், வெளியே ஒரு சர்வருக்கு அனுப்பலாம். நிறத்தை மாற்றும் தீம் என்ற பெயரில் வந்தாலும் உள்ளே நிரல் இருக்கலாம். தீங்கான எக்ஸ்டென்ஷன்கள் மைக்ரோசாஃப்டின் மார்க்கெட்ப்ளேஸிலேயே பிடிபட்டு நீக்கப்பட்டிருக்கின்றன. வெளியீட்டாளர் பெயருக்குப் பக்கத்தில் உள்ள நீல டிக் அவர் ஒரு இணைய முகவரிக்குச் சொந்தக்காரர் என்பதை உறுதிப்படுத்துகிறது. அந்த நிரலை யாரோ வரிவரியாகப் படித்துப் பார்த்தார்கள் என்று அதை எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்னொன்று, எக்ஸ்டென்ஷன்கள் தாமாகவே புதுப்பித்துக்கொள்ளும். இன்றைக்கு நல்லவர் கையில் இருப்பது நாளை வேறொருவர் கைக்குப் போனால் உங்களுக்குத் தெரியவே தெரியாது.

வேலை தேடிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகள் இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். வேலை தருவதாகச் சொல்லி, 'இந்த ப்ராஜெக்டைத் திறந்து ஓட்டிப் பார்த்துவிட்டு இன்டர்வியூவுக்கு வாருங்கள்' என்று அனுப்பி ப்ரோக்ராமர்களின் கணினிக்குள் நுழையும் மோசடியைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் 2023-லேயே விவரமாக வெளியிட்டார்கள். விஎஸ் கோடில் ஒரு ஃபோல்டரைத் திறந்தவுடன் தானாக ஒரு கட்டளையை ஓட்டும்படி அந்த ஃபோல்டருக்குள்ளேயே எழுதி வைக்க முடியும். இதைத் தடுக்கத்தான் 2021-இல் வொர்க்ஸ்பேஸ் டிரஸ்ட் வந்தது. 'இந்த ஃபோல்டரை எழுதியவர்களை நம்புகிறீர்களா?' என்று கேட்கும் அந்தப் பெட்டியைப் பலர் படிக்காமலே ஆமாம் என்று தட்டிவிடுகிறார்கள். தெரியாதவர் அனுப்பியது என்றால் இல்லை என்பதைத் தட்டுங்கள். அப்போது ஃபோல்டர் கட்டுப்பாட்டு முறையில் திறக்கும், அதில் நிரலைப் படிக்க ஒரு தடையும் இல்லை. ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால் உங்கள் கணினிக்குள் தனிக் கணினி போல இயங்கும் விர்ச்சுவல் மெஷினில் ஓட்டுங்கள்.

விம்மில் இருப்பவர்கள் நமக்கு இந்தக் கவலை இல்லை என்று நினைக்க வேண்டாம். கோப்பின் முதல் அல்லது கடைசிச் சில வரிகளில் எடிட்டருக்கான செட்டிங்கை எழுதிவைக்கும் மோட்லைன் என்ற வசதி விம்மில் உண்டு. அதில் 2019-இல் ஒரு ஓட்டை தெரியவந்தது. மோட்லைன் இயங்கும் விம்மில், அதற்கென்று தயாரித்த வெறும் உரைக் கோப்பைத் திறந்தாலே போதும், எழுதியவர் விரும்பிய கட்டளை உங்கள் கணினியில் ஓடும். விம் 8.1.1365-லும் நியோவிம் 0.3.6-லும் சரிசெய்தார்கள். மோட்லைனைப் பயன்படுத்தாதவர்கள் அதை அணைத்தே வைக்கலாம். எக்ஸ்டென்ஷன் போன்ற விம், ஈமேக்ஸ் ப்ளகின்களும் உங்கள் முழு அதிகாரத்தோடுதான் ஓடுகின்றன. நியோவிம்மில் ப்ளகின் மேனேஜர் எந்த கமிட்டை எடுத்தது என்று பதியும் லாக் (பூட்டு) கோப்பை உங்கள் கிட்டில் சேர்த்து வைத்தால் எப்போது எது மாறியது என்றாவது தெரியும்.

எடிட்டர் நமக்குத் தெரியாமல் விட்டுவைக்கும் பிரதிகளையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். விம் ஸ்வாப் என்ற தற்காலிகக் கோப்பு வைக்கும், ஈமேக்ஸ் பழைய பிரதியைப் பெயருக்குப் பின்னால் ஒரு டில்டே (~) போட்டு வைக்கும், விஎஸ் கோட் 2022 முதல் ஒவ்வொரு சேவுக்கும் லோக்கல் ஹிஸ்டரியில் ஒரு பிரதி வைக்கிறது. வெப் சர்வரின் ஃபோல்டருக்குள்ளேயே, சர்வரில் ஓடும் பிஹெச்பி மொழிக் கோப்பைத் திறந்து திருத்தினால், டில்டே போட்ட பிரதியைச் சர்வர் நிரலாக ஓட்டாமல் வெறும் எழுத்தாக வெளியே கொடுத்துவிடலாம். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு அதில் இருந்தால் அதுவும் போகும். அப்புறம், தங்கள் எடிட்டர் செட்டிங் கோப்புகளை, நிரல் பகிரும் தளமான கிட்ஹப்பில் பெருமையாகப் போடுகிறவர்கள் அதற்குள் பாஸ்வேர்டு போன்ற டோக்கன் எதுவும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

இனி எந்த எடிட்டர் என்ற விவாதம். 2016-இல் மைக்ரோசாஃப்ட், ரெட் ஹாட், கோட்என்வி மூன்றும் சேர்ந்து, எடிட்டரும் ஒரு மொழிக்கான உதவி நிரலும் பேசிக்கொள்ளும் விதிமுறையான லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகாலை அறிவித்ததிலிருந்து இந்த விவாதத்தின் பாதி தீர்ந்துவிட்டது என்பேன். முன்பு பத்து எடிட்டருக்கும் இருபது மொழிக்கும் இருநூறு இணைப்புகள் எழுத வேண்டும். இப்போது மொழிக்கு ஒரு சர்வர், எடிட்டருக்கு ஒரு கிளையன்ட், ஆக முப்பது போதும். நியோவிம்மிலும் ஈமேக்ஸிலும் விஎஸ் கோடிலும் கோ மொழிக்குப் பின்னால் வேலை செய்வது அதே கோபிஎல்எஸ் சர்வர்தான், ரஸ்டுக்கு அதே ரஸ்ட் அனலைசர்தான். எனவே எது அதிகம் புத்திசாலி என்று சண்டை போட்டுப் பயனில்லை.

மிச்சமிருக்கும் வித்தியாசங்களில் எனக்கு முக்கியமாகப் படுவது ஆயுள். கிட்ஹப் உருவாக்கிய ஏட்டம் எடிட்டரைப் பலர் ஆசையாகத் தங்களுக்கென்று செதுக்கி வைத்திருந்தார்கள். 2022 டிசம்பர் 15-இல் அதை மூடினார்கள். அதற்காக எழுதிய, செயலிகளுக்கு அடித்தளமான எலக்ட்ரானும், நிரலின் அமைப்பைப் படிக்கும் ட்ரீ சிட்டரும் மட்டும் மற்ற எடிட்டர்களில் உயிரோடு இருக்கின்றன. 1991-இல் விம்மை வெளியிட்ட பிராம் மூலெனார் 2023 ஆகஸ்டில் காலமானார். மற்றவர்கள் பொறுப்பேற்று விம் இன்றும் தொடர்கிறது. விஎஸ் கோடின் மூல நிரல் எம்ஐடி என்ற திறந்த உரிமத்தில் இருக்கிறது, ஆனால் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து நாம் இறக்குவது வேறு உரிமத்திலும், நம் பயன்பாட்டுத் தகவலை அனுப்பும் டெலிமெட்ரியோடும் வருகிறது. டெலிமெட்ரியைச் செட்டிங்கில் அணைக்கலாம். அது இல்லாமல் அதே மூல நிரலிலிருந்து கட்டிய விஎஸ்கோடியம் வேண்டுமென்றால் எக்ஸ்டென்ஷன்களை ஓபன் விஎஸ்எக்ஸ் என்ற தளத்திலிருந்து எடுக்க வேண்டும், பைத்தானுக்கான பைலான்ஸ் போன்ற சிலவற்றை மைக்ரோசாஃப்ட் உரிமம் அங்கே அனுமதிப்பதில்லை. இதையெல்லாம் தெரிந்துகொண்டு விஎஸ் கோடைத் தேர்ந்தெடுத்தால் எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. நான் நியோவிம்மில் இருக்கிறேன். புதியவர்களிடம் குழு பயன்படுத்துவதையே எடுத்துக்கொள்ளுங்கள், கூடவே சர்வரில் ஒரு வரியைத் திருத்திச் சேமித்து வெளியே வரும் அளவுக்காவது விஐ பழகுங்கள் என்கிறேன்.

மற்றவர் செதுக்கிய அமைப்பை முழுதாக இறக்கிக்கொள்வதை மட்டும் நான் ஊக்குவிப்பதில்லை. நியோவிம்முக்கான லேஸிவிம், ஈமேக்ஸுக்கான டூம் ஈமேக்ஸ் எல்லாம் நல்ல உழைப்புதான். ஆனால் ஒருநாள் உடையும்போது எந்த வரி என்ன செய்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. வெறும் எடிட்டரில் தொடங்கி, ஒரு வேலை திரும்பத் திரும்ப எரிச்சல் தரும்போது அதற்கு மட்டும் ஒரு செட்டிங் சேருங்கள். ஏதாவது கோளாறு என்றால் முதலில் செட்டிங் இல்லாமல் திறந்து பாருங்கள். விம்முக்கு க்ளீன், ஈமேக்ஸுக்குப் பெரிய க்யூ என்ற ஆப்ஷன்கள் இதற்கென்றே உள்ளன. விஎஸ் கோடில் எக்ஸ்டென்ஷன் பைசெக்ட் என்று ஒரு கட்டளை உண்டு. ஒவ்வொரு முறையும் சந்தேகத்தில் உள்ளவற்றில் பாதியை அணைத்துவிட்டு 'இப்போது சரியாக இருக்கிறதா?' என்று கேட்கும். 32 எக்ஸ்டென்ஷன் இருந்தாலும் ஐந்தாறு கேள்வியில் குற்றவாளி கிடைத்துவிடும்.

ஏஐ உதவி எக்ஸ்டென்ஷன்கள் பல, திறந்திருக்கும் நிரலைச் சுற்றியுள்ள பகுதிகளோடு வெளியே உள்ள சர்வருக்கு அனுப்புகின்றன. வாடிக்கையாளரின் நிரலைக் கையாள்பவர்கள் அதைப் போடும் முன் ஒப்பந்தம் அனுமதிக்கிறதா என்று மேலாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எங்கள் குழுவில் புதிதாக ஒருவர் சேர்ந்தால் விஎஸ் கோடில் நிறுவியிருக்கும் எக்ஸ்டென்ஷன்களைப் பட்டியலிடும் கட்டளையை டெர்மினலில் அடிக்கச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றும் எதற்கு என்று கேட்பேன். எதற்கென்று அவரால் சொல்ல முடியாததை அப்போதே நீக்கச் சொல்வேன். தேவைப்பட்டால் மறுபடி நிறுவ ஒரு நிமிடம்தான் ஆகும்.