அட்டையைப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள், ஒத்துக்கொள்வோம்

"நல்ல கதைக்கு அட்டை எதுக்கு மிஸ்? வாசிக்கிறவங்க தேடி எடுப்பாங்க."

இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். கடைசியாகச் சொன்னவர் ஓர் இளம் எழுத்தாளர். போன வருடம் தன் முதல் நாவலை எங்கள் நூலகத்துக்கு அன்பளிப்பாகத் தந்தவர், யாராவது எடுத்தார்களா என்று பார்க்க வந்திருந்தார். திகதிச் சீட்டில் ஒரு முத்திரைகூட இல்லை, பிள்ளையின் முகம் வாடிவிட்டது. நான் அந்த நாவலை வாசித்திருக்கிறேன். கொழும்பில் புடவைக் கடைகளில் வேலைக்கு நிற்கிற தோட்டத்துப் பெண்பிள்ளைகளின் கதை, ராத்திரியில் அறைக்குள் அவர்கள் பேசிக்கொள்வதை அப்படியே எழுதியிருக்கிறார். அட்டையில் என்ன? ஒரு தேயிலை மலை, கொழுந்து பறிக்கிற ஒரு பெண், பின்னால் சூரியன். கதையில் தேயிலைச் செடி வருவதே மூன்று நான்கு பக்கங்களில்தான்.

மலைநாட்டு நகரமொன்றில் பொது நூலகத்தின் இரவல் பகுதியில் வேலை செய்கிறேன். வாசகர் எதைப் பார்த்து நாவல் எடுக்கிறார் என்பது எனக்கு ஊகம் இல்லை, தினமும் மேசைக்கு எதிரே நடக்கிற காரியம். கேட்டால் எல்லாரும் "கதையைப் பார்த்துத்தான்" என்பார்கள். கை மட்டும் வேறு மாதிரி போகும். சாயங்காலம் வேலை விட்டு ஓடி வருகிற அக்காவுக்கு மஸ்கெலியா பஸ் பிடிக்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது, அதை விட்டால் அடுத்த பஸ் எப்போது என்று அவருக்கும் தெரியாது. அந்த நேரத்துக்குள் நின்று முதல் அத்தியாயம் வாசித்து, நடை எப்படி என்று பார்த்து, அப்புறம் தீர்மானிப்பாரா? முகப்புத் தெரிய நிறுத்தி வைத்திருக்கிற புது வரவுகள், திரும்பி வந்து வண்டியில் கிடக்கிற புத்தகங்கள், இவற்றில் கண்ணைப் பிடித்த ஒன்றை எடுத்துப் பின்னால் திருப்பிப் பார்ப்பார். பிடித்தால் வருவார், இல்லாவிட்டால் வைத்துவிடுவார். அவ்வளவுதான் நடக்கிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆழமில்லாத வாசிப்பு என்று யாரையும் குறைசொல்லவும் இடமில்லை. தெரியாத ஓர் ஆளின் எழுத்தைப் பற்றி, வாசிக்கிறதுக்கு முன்னாலேயே ஒரு மனுஷிக்குக் கிடைக்கிற ஒரே தகவல் அந்த அட்டைதான்.

இந்த இடத்தில்தான் எழுத்தாளர்கள் சறுக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். "பெரிய எழுத்தாளர்களின் புத்தகம் வெறும் அட்டையோடும் போகிறதே" என்பார்கள். போகும். எங்களிடம் வருகிற ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர் இறாக்கைப் பக்கமே போவதில்லை, மேசைக்கு வந்து எழுத்தாளர் பெயரைச் சொல்லிக் கேட்பார்கள். அவர்களுக்கு அட்டை கிழிந்திருந்தாலும் சரி, இல்லாமலே இருந்தாலும் சரி. ஏனென்றால் அந்தப் பெயரே அவர்களுக்கு அட்டை. நீங்கள் முதல் நாவல் எழுதியவர், உங்கள் பெயரைச் சொல்லிக் கேட்க இன்னும் ஆள் இல்லை. பெயர் செய்ய வேண்டிய வேலையையும் சேர்த்து உங்கள் அட்டைதான் செய்ய வேண்டும். புகழ்பெற்றவருக்கு அட்டை ஒரு வசதி, புதியவருக்கு அதை விட்டால் வேறு வழியே இல்லை. இதை எத்தனை தரம் சொன்னாலும் "உள்ளடக்கம்தான் மிஸ் முக்கியம்" என்றே பதில் வருகிறது. உள்ளடக்கம் முக்கியம்தான் தம்பி, யார் இல்லை என்றது? அதை ஒருவர் திறந்து பார்த்தால்தானே அது முக்கியமாகும்!

இன்னும் சிலர் பென்குவின் என்ற இங்கிலாந்துப் பதிப்பகத்தின் கதையைச் சொல்வார்கள். 1935இல் அதை நிறுவிய அலன் லேன் ஆறு பென்ஸ் விலையில் அந்த மலிவுப் பதிப்புகளைக் கொண்டுவந்தபோது அட்டையில் படமே இல்லை, நிறப் பட்டியும் எழுத்தும் ஒரு சின்னப் பறவையும்தான், விற்கவில்லையா என்று. விற்றது. செம்மஞ்சள் என்றால் நாவல், பச்சை என்றால் துப்பறியும் கதை, கரு நீலம் என்றால் வாழ்க்கை வரலாறு. தூரத்தில் நின்றே இன்ன வகைப் புத்தகம் என்று தெரிந்துவிடும். அந்தப் பறவையை வரைவதற்காக எட்வர்ட் யங் என்ற இளைஞரை லண்டன் மிருகக்காட்சிசாலைக்கே அனுப்பினார்கள். படம் இல்லாத அட்டைதான், ஆனால் யோசிக்காமல் போட்ட அட்டை இல்லை. அட்டை வேண்டாம் என்பதற்கு அதை உதாரணம் காட்டாதீர்கள், தயவுசெய்து.

நம்முடைய வாசகரும் அப்படித்தான் பழகியவர்கள். தமிழ்நாட்டு வார இதழ்களில் ஓவியர்கள் ஜெயராஜ், மாருதி வரைந்த படங்களைப் பார்த்தே தொடர்கதைக்குள் போனவர்கள் எங்கள் அம்மாமார். எழுபதுகளில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட காலத்தில் வீரகேசரி வரிசையாக நாவல்களை வெளியிட்டது. "நூலகம்" (noolaham.org) என்ற இணையத்தளத்துக்குள் போய் அந்தக் காலத்து ஈழத்து நாவல் அட்டைகளைப் பாருங்கள். தாள் மட்டம், நிறம் இரண்டோ மூன்றோ, ஆனாலும் ஓர் ஓவியர் உட்கார்ந்து இந்தக் கதைக்கென்று வரைந்தது என்பது தெரியும். இன்று கணினி கையில் இருக்கிறது, அந்த அக்கறைதான் இல்லை.

சரி, தேயிலை மலைக்கு வருவோம். மலையகத்துக்கு நம் மூதாதையர் வந்து 200 ஆண்டுகள் என்று 2023இல் நினைவுகூர்ந்தோம், அதையொட்டி நிறையப் புத்தகங்கள் வந்தன, சந்தோஷம். இறாக்கையில் அவற்றை முகப்புத் தெரிய அடுக்கினால் எது ஆய்வு, எது கவிதை, எது நாவல் என்று எனக்கே பிரித்தெடுக்க முடியவில்லை. எல்லாவற்றிலும் ஒரே மலை, ஒரே கூடை. வாசகர் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, மற்றதும் அதே மாதிரி இருப்பதால் "இது எடுத்ததுதானே மிஸ்" என்று வைத்துவிடுகிறார். வாசிக்காத புத்தகம் வாசித்த புத்தகமாகிவிடுகிறது.

இணையத்திலிருந்து இறக்குகிற படங்களும், இப்போது செயற்கை நுண்ணறிவில் செய்கிற படங்களும் இன்னும் மோசம். போன மாதம் வந்த ஒரு நாவலின் அட்டையை மேசை விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தேன். பெண்ணின் தலையில் ஓலைத் தொப்பி. கூடை பள்ளிப் பை மாதிரி இரண்டு தோளிலும் வாரில் தொங்குகிறது. நம்முடைய ஆட்களுக்குக் கூடைக் கயிறு தலையில் அல்லவா இருக்கும்? அந்தக் கூடையும் போய்ப் பல தோட்டங்களில் இப்போது சாக்குப் பைதான். இடுப்பில் சுற்றிக் கட்டுகிற படங்கு இல்லை. கூடைக்குள் கிடக்கிறது முழுக்க முற்றல் இலை, கணக்கப்பிள்ளை பார்த்தால் அப்படியே கொட்டச் சொல்லியிருப்பார். காலை ஏழு மணிக்கு மலையேறுகிற ஒரு தாய் இந்த அட்டையைப் பார்த்தால் முதலில் என்ன நினைப்பாள்? இதை எழுதினவனுக்கு நம்மைத் தெரியாது என்றுதான். உண்மையில் எழுதினவர் அவள் பக்கத்து லயத்துப் பையன். இந்த அநியாயம்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

இதில் சட்டமும் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஓவியத்துக்கும் புகைப்படத்துக்கும் உரிமை கொடுக்கிறது. கூகுளில் கிடைத்தது என்பதற்காக அது பொதுச் சொத்து ஆகிவிடாது. வரைகிற பிள்ளைகள் நம்முடைய ஊர்களிலேயே இருக்கிறார்கள். கேளுங்கள், கதையைச் சொல்லுங்கள், காசைக் கொடுங்கள், உள்பக்கத்தில் அவர்கள் பெயரைப் போடுங்கள்.

காசு இல்லை என்பார்கள். 2022க்குப் பிறகு தாள் விலை எங்கே போனது என்று எனக்கும் தெரியும், நூலகத்துக்குப் புத்தகம் வாங்குகிறதும் நாங்கள்தானே. ஆனால் வெளியீட்டு விழாவுக்கு மண்டபம், அழைப்பிதழ், பொன்னாடை, சிற்றுண்டி எல்லாம் எப்படியோ நடந்துவிடுகிறது. அந்த விழாதான் எழுத்தாளரை ஏமாற்றுகிறது என்பது என் அபிப்பிராயம். முதற்பிரதி, சிறப்புப் பிரதி வாங்குகிறவர்கள் எழுத்தாளரின் முகத்துக்காக வாங்குகிறார்கள், அட்டையைப் பார்த்து இல்லை. அன்றைக்குப் போகிற பிரதிகளை வைத்து அட்டை முக்கியமில்லை என்று முடிவுகட்டிவிட்டால், மிச்சப் பிரதிகள் கட்டிலுக்கு அடியில் பெட்டியோடு கிடக்கும்.

பின்னட்டையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அங்கே எழுத்தாளரின் படம், பிறந்த இடம், படித்த பாடசாலை, பெற்ற விருதுகள், அணிந்துரையிலிருந்து இரண்டு புகழ்ச்சி வரி. கதை எதைப் பற்றியது என்று ஒரு வாக்கியம் கிடையாது. பஸ்ஸுக்கு அவசரப்படுகிற அந்த அக்கா புத்தகத்தைத் திருப்புவது உங்கள் பட்டங்களைத் தெரிந்துகொள்வதற்கு இல்லை. யாருக்கு என்ன நடக்கிறது என்று நான்கைந்து வரி எழுதுங்கள், முடிவைச் சொல்லாமல். மற்றதெல்லாம் உள்ளே போகட்டும்.

அதைவிட முக்கியம் முதுகு. இறாக்கையில் நிற்கிற புத்தகத்துக்கு முதுகுதான் முகம். ஒல்லியான நாவல்தானே என்று முதுகில் ஒன்றுமே அச்சடிக்காமல் விடுகிறார்கள், அப்படிப்பட்டது இரண்டு தடித்த புத்தகங்களுக்கு நடுவில் போனால் கணக்கெடுப்பு நாளில்தான் எங்கள் கண்ணிலேயே படும். பெயரைப் போடுங்கள், மெல்லிய அலங்கார எழுத்து வேண்டாம். முதுகின் அடிப்பக்கத்தை மட்டும் வெறுமையாக விடுங்கள், அங்கேதான் நாங்கள் வகுப்பெண் சீட்டை ஒட்டுகிறோம் (டூயி பகுப்பில் தமிழ் நாவலுக்கு 894.8113). உங்கள் பெயரின் மேலேயே அதை ஒட்டுவது எங்களுக்கும் மனவருத்தம்.

நூலகங்களையும் விட மாட்டேன். பிய்ந்த புத்தகத்தைக் கட்டக் கொடுக்கும்போது பழைய அட்டையை எறிந்துவிட்டுக் கறுப்புத் துணி அட்டை போட்டு வாங்குகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. நேற்றுவரை கைமாறிக்கொண்டிருந்த நாவல் அதற்குப் பிறகு அசையவே அசையாது. பழைய முகப்பை வெட்டி எடுத்துப் புது அட்டையின் மேல் ஒட்டச் சொல்லுங்கள், கட்டுகிறவர் செய்து தருவார்.

அச்சுக்குப் போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். கணினித் திரையில் பளிச்சென்று தெரிகிற பச்சை அச்சில் மங்கிப்போகும், பச்சைதான் அதிகம் ஏமாற்றும், ஆகவே ஒரு மாதிரி அச்சு எடுத்துப் பார்க்காமல் முழுவதையும் ஓட்டச் சொல்லாதீர்கள். அடுத்தது நம்முடைய குளிர். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மழை மாதங்களில் புத்தகமே ஈரமாக இருக்கும். லமினேட் செய்த வெளிப்பக்கம் அப்படியே நிற்க, உட்பக்கத் தாள் மட்டும் ஈரத்தைக் குடித்து விரிந்து, அட்டை வெளியே சுருண்டு நிற்கிறது. மெல்லிய அட்டையில்தான் இது மோசம். கொழும்பு அச்சகத்துக்கு இது தோன்றாது, நீங்கள்தான் கேட்க வேண்டும். சர்வதேச நூல் எண்ணையும் (ISBN) மறக்காதீர்கள், தேசிய நூலக, ஆவணவாக்கல் சேவைகள் சபைக்கு விண்ணப்பித்து எடுக்கலாம், நம் நாட்டு எண் 978-955 அல்லது 978-624 என்று தொடங்கும்.

இனி வாசகர்களுக்கு, முக்கியமாகப் பெற்றோருக்கு. அட்டையைப் பார்த்து எடுங்கள், தப்பில்லை, ஆனால் அட்டையோடு நிற்காதீர்கள். இப்போது ஆங்கிலக் காதல் நாவல்கள் இளஞ்சிவப்பு, இளநீல அட்டையில், காட்டூன் மாதிரி வரைந்த ஆணும் பெண்ணுமாக வருகின்றன. தரம் 7 படிக்கிற மகளின் ஆங்கிலம் வளரட்டும் என்று ஓர் அப்பா அதிலொன்றைச் சிறுவர் புத்தகம் என்று நினைத்து எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்தார். வளர்ந்தவர்களுக்கான நாவல் அது, படுக்கையறைக் காட்சிகள் விரிவாக வரும். புத்தகத்தில் குற்றமில்லை ஐயா, அது உங்கள் பிள்ளையின் வயதுக்கு எழுதப்பட்டதில்லை. படம் வரைந்திருந்தால் சிறுவர் நூல் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். பின்னட்டையை வாசியுங்கள், நடுவில் எங்காவது ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள், ஆங்கிலம் வராவிட்டால் மேசையில் கேளுங்கள். கேட்டால் யாரும் உங்களைக் குறைவாக நினைக்க மாட்டோம். அப்புறம், வெறும் அட்டையோடு நிற்கிற நம்மூர் நாவல் ஒன்றையும் மாதத்துக்கு ஒருமுறையாவது கூட எடுத்துப் போங்கள், நல்லது சிலது அப்படித்தான் மறைந்து கிடக்கிறது.

ஒக்டோபர் வாசிப்பு மாதத்தை நம்பி நாவல் அச்சடிக்க இருப்பவர்கள், அச்சகத்துக்குக் கோப்பை அனுப்புவதற்கு முன்னால் அட்டையை ஒருதரம் உங்கள் ஊர் நூலகத்துக்குக் கொண்டுபோங்கள். வீட்டுப் பிரிண்டரில் எடுத்த தாளாக இருந்தாலும் பரவாயில்லை. அதே அளவுப் பழைய புத்தகமொன்றின் மேல் சுற்றி, நாவல் இறாக்கையில் மற்றவற்றுக்கு நடுவே வைத்து, ஆறடி தள்ளி நின்று பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். பக்கத்தில் நிற்கிற வாசகர் யாரிடமாவது, இது என்ன கதையாக இருக்கும் என்று கேளுங்கள். போயா தினம் மட்டும் வேண்டாம், நூலகம் பூட்டியிருக்கும்.