ஒரே ஒரு ஆட்டத்துக்குப் பாதி விலையா? வேண்டாம்

மறுபடியும் ஒரு கால்பந்து கிளப். தொடர்ந்து தோல்வி, கேலரி காலி. நிர்வாகிகள் கூடிப் பேசி, அடுத்த ஆட்டத்துக்கு மட்டும் டிக்கெட்டைப் பாதி விலைக்கு விட்டார்கள். கூட்டம் கொஞ்சம் கூடியது. அதற்கடுத்த ஆட்டத்தில் பழையபடிகூட ஆள் வரவில்லை. அப்புறம்தான் என்னைக் கூப்பிட்டார்கள். டிக்கெட் விற்பனையில் கிளப்புகளுக்கு ஆலோசனை சொல்வது என் வேலை. இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

விலையைக் குறைக்கலாமா? தாராளமாகக் குறைக்கலாம். ஆனால் பதற்றத்தில் குறைக்கக் கூடாது.

பாதி விலை என்றால் இரண்டு மடங்கு கூட்டம் வரும் என்று யார்தான் சொல்லிக்கொடுத்தார்களோ! கவுன்டரில் 4,000 டிக்கெட் விற்கும் கிளப், பாதி விலையில் 8,000 விற்றால்தான் பழைய வசூலைத் தொடும். 5,000 விற்றால் கேலரி பார்க்க நன்றாக இருக்கும், கல்லாவில் பள்ளம் விழும். அந்த 5,000 பேரில் பெரும்பாலோர் முழு விலை கொடுத்தே வந்திருப்பார்கள். சரி, ஒரு நாள் நஷ்டம், போகட்டும். சீசன் டிக்கெட் வாங்கியவரை நினைத்துப் பாருங்கள். சீசன் ஆட்டங்கள் அத்தனைக்கும் பணத்தை முன்கூட்டியே கட்டியவர் அவர். பக்கத்து சீட்டுக்காரர் தன்னைவிடக் குறைவாகக் கொடுத்து உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்த பிறகு அடுத்த வருடம் எதற்குப் புதுப்பிக்க வேண்டும்? மற்றவர்களோ, கடைசி நேரத்தில் இன்னும் குறைப்பார்கள் என்று காத்திருக்கப் பழகிவிடுகிறார்கள். அந்தப் பழக்கம் லேசில் போகாது.

இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட் சிட்டி மூன்றாம் டிவிஷனில் இருந்தபோது, 2015-16 சீசன் டிக்கெட்டை 149 பவுண்டுக்கு விற்றது. 23 லீக் ஆட்டங்கள், அதாவது ஆட்டத்துக்கு ஆறரை பவுண்டு. சராசரியாக 18,000 பேர் வந்தார்கள். அது ஒரு நாள் தள்ளுபடி இல்லை. பல வருடங்களாகவே சீசன் டிக்கெட்டை மலிவாக வைத்திருந்த கிளப் அது.

இலவசமாகவே விடலாமே என்பார்கள். ஜெர்மனியின் ஃபோர்ட்டுனா டுசல்டார்ஃப் 2023 அக்டோபரில் சில ஆட்டங்களுக்கு அப்படித் தொடங்கியது. அதற்கு ஸ்பான்சர்கள் பணம் போட்டார்கள். உங்களுக்கு யார் போடுவார்கள்? அதோடு, இலவச டிக்கெட்டைப் பதிவு செய்துவிட்டு வராமலே இருப்பவர்கள் ஏராளம். வாசலில் ஸ்கேன் ஆன எண்ணிக்கையைப் பாருங்கள். கொடுத்த டிக்கெட்டை எண்ணிச் சந்தோஷப்படாதீர்கள்.

எப்போதும் நிறைந்திருக்கும் பெரிய கிளப்புகளின் பிரச்சினை வேறு. 2016 பிப்ரவரியில் 77 பவுண்டு டிக்கெட் திட்டத்தை எதிர்த்து லிவர்பூல் ரசிகர்கள் 77ஆவது நிமிடத்தில் எழுந்து வெளியேறினார்கள். சில நாட்களில் கிளப் பின்வாங்கியது. அங்கே சீட் காலியாக இருந்ததில்லை. எந்த ரசிகருக்கு அந்த சீட் கட்டுப்படியாகும் என்பதுதான் சண்டை.

உங்கள் கேலரி காலியென்றால் சீசன் தொடங்கும் முன்பே விலையை அறிவியுங்கள். முதலில் சீசன் டிக்கெட்டைக் குறையுங்கள். தனி ஆட்ட டிக்கெட் ஒருபோதும் சீசன் டிக்கெட்டில் ஓர் ஆட்டத்துக்கு விழும் விலையைவிட மலிவாக இருக்கக் கூடாது. சிறுவர்களுக்குத் தனி விலை வையுங்கள், அவர்கள் பெரியவர்களையும் இழுத்து வருவார்கள். அறிவித்த விலையைக் குறைந்தது மூன்று சீசனுக்குத் தொடாதீர்கள், தயவுசெய்து.

வார நாளில் இரவு பத்தரைக்கு ஆட்டம் முடிந்து, வீடு திரும்ப பஸ்ஸும் இல்லையென்றால் எந்த விலைக்கும் குடும்பங்கள் வராது. அதற்கு என்னைக் கூப்பிடாதீர்கள், அட்டவணை போடுபவரிடம் பேசுங்கள்.