வார்சார் என்றால் ‘மாறும் எழுத்து’ அல்ல

தரவுத்தளத்தில் பெயர், ஊர் போன்ற எழுத்துத் தரவைப் போட்டு வைக்கும் வகைகளில் சார், வார்சார் என்று இரண்டு உண்டு. கடலூரில் ஒரு பயிற்சி மையத்தின் தமிழ்க் குறிப்பேட்டில் வார்சார் என்பதை ‘மாறும் எழுத்து’ என்று போட்டிருக்கிறார்கள். அங்கே படிக்கும் பையன் ஒருவன், “அப்போ சார் வகையில போட்டத அப்புறம் மாத்தவே முடியாதாக்கா?” என்று கேட்டான். இதே கேள்வி என் காதில் விழுவது இது மூன்றாவது தடவை. பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. அந்தச் சொல் அப்படித்தான் பொருள் தருகிறது.

தரவுத்தளத்துக்குக் கட்டளை தரும் மொழியான எஸ்க்யூஎல்லின் தரத்தில் வார்சாரின் முழுப்பெயர் ‘கேரக்டர் வேரியிங்’. மாறுவது நீளம். சார் வகையில் பத்து இடம் ஒதுக்கினால், போட்டது குறைந்தாலும் வெற்றிடம் நிரப்பிப் பத்தாக்கிவிடும். வார்சாரில் போட்ட அளவுதான் இருக்கும். நாம் தரும் எண் உச்சவரம்பு மட்டுமே.

சரி, ‘மாறுநீள எழுத்து’ என்று திருத்தினால் போதுமா? போதாது. ‘எழுத்து’ அதைவிடப் பெரிய தவறு. எங்கள் திருப்பாதிரிப்புலியூரையே எண்ணிப் பாருங்கள். இலக்கணப்படி 11 எழுத்து. கணினியில் ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண் தரும் யூனிகோடில் தகரம் தனி, இகரக் குறி தனி, மெய்யின் புள்ளியும் தனி. ஆகவே 22. ஊர்ப் பெயருக்கு 20 தாராளம் என்று வார்சார் வைத்தால், போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள் இந்தப் பெயரை வாங்காமல் பிழை காட்டும். ஆரக்கிள் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருளில் தனியாகச் சொல்லாவிட்டால் பைட் கணக்கு, அதாவது சேமிக்கப் பிடிக்கும் இடத்தின் கணக்கு. யூனிகோடைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் இதே பெயர் 66 பைட். தமிழில் உயிர்மெய் ஒரே எழுத்து என்று ஒன்றாம் வகுப்பிலேயே படித்தவரிடம் ‘20 எழுத்து வரை’ என்று சொல்வது அவரை ஏமாற்றுவதாகும்.

கேரக்டரைச் சிலர் ‘எழுத்துரு’ என்கிறார்கள். அது ஃபான்ட்டுக்கு நிலைத்துவிட்ட சொல்; அதைப் பிடுங்கி இங்கே நடக்கூடாது.

கேரக்டருக்கு ‘வரியுரு’ ஏற்கெனவே கணினித் தமிழில் புழங்குகிறது. கேரக்டரின் கிரேக்க மூலத்துக்குப் பொறித்த குறி என்று பொருள். நமக்கும் ஒலிவடிவம், வரிவடிவம் என்ற பிரிவு பழக்கம்தானே. அதனால் சார் நிலைநீள வரியுரு, வார்சார் மாறுநீள வரியுரு. நாம் நீள வரம்பு தராத டெக்ஸ்ட் வகைக்கு ‘உரை’ போதும். போஸ்ட்கிரெஸில் உரைக்கும் வார்சாருக்கும் வேகத்தில் வேறுபாடு இல்லை. வரம்பு வைக்கக் காரணம் இல்லாத இடத்தில் நான் உரையைத்தான் எடுப்பேன்.

மொழிபெயர்ப்பவர்கள் ஒரே ஒரு அட்டவணையை உருவாக்கி, அதில் தங்கள் ஊர்ப் பெயரைத் தமிழில் போட்டுப் பார்த்திருக்கலாம். சுருக்கப் பெயரைப் பார்த்து, அகராதியைப் புரட்டி, இரண்டு சொல்லை ஒட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்தப் பையனின் குறிப்பேட்டில் நானே பேனாவால் அடித்துத் திருத்திக் கொடுத்தேன். மற்றவர்களுடையதில் இன்னும் ‘மாறும் எழுத்து’தான் இருக்கிறது.