‘பட்டயப் பள்ளி’ என்று எழுதாதீர்கள்

சென்ற வாரம் மெய்ப்புப் பார்க்க வந்த கட்டுரையின் தலைப்பு இது: ‘நியூயார்க்கில் பட்டயப் பள்ளிகளுக்கு இட ஒதுக்கீடு: பெற்றோர் எதிர்ப்பு’. ஓய்வுபெற்ற தலைமையாசிரியையான என் அக்காவிடம் காட்டினேன். “டிப்ளமோ படிப்புக்கு அங்கேயும் சாதிவாரியாக இடம் தருகிறார்களா?” என்று கேட்டார். பள்ளிக்கூடத்திலேயே காலம் கழித்தவருக்கு இப்படித்தான் புரிகிறது என்றால் பிழை அவருடையதல்ல.

‘சார்ட்டர் ஸ்கூல்’ என்பதைத்தான் ‘பட்டயப் பள்ளி’ என்று எழுதியிருந்தார்கள். ‘சார்ட்டர்’ லத்தீன் வழி வந்த சொல். சிறு தாள் என்பது மூலப்பொருள். பிறகு அரசர் எழுதிக்கொடுத்த உரிமை ஆவணத்தைக் குறித்தது. அமெரிக்காவில் 1988இல் ஆசிரியர் சங்கத் தலைவர் ஆல்பர்ட் ஷாங்கர் இவ்வகைப் பள்ளிகளுக்காகப் பேசினார். 1991இல் மின்னசோட்டா முதல் சட்டத்தை இயற்றியது. அரசுப் பணத்தில், கட்டணம் வாங்காமல், தனி நிர்வாகக் குழு நடத்தும் பள்ளி இது. அவ்வளவுதான் வரலாறு.

இதற்குப் ‘பட்டயம்’ எப்படிப் பொருந்தும்? செப்புப் பட்டயம் என்ற பழைய பொருளை நினைத்துத்தான் ஆக்கியிருப்பார்கள். ஆனால் இன்று பட்டயம் என்றால் பாலிடெக்னிக் மாணவன் வாங்கும் சான்றிதழ். ‘பட்டயக் கணக்கர் இருக்கிறாரே’ என்பார்கள். அவர் தேர்வெழுதித் தகுதி பெற்றவர், அந்தச் சொல் அவருக்குப் பொருந்திவிட்டது. பள்ளிக்கூடம் தேர்வு எழுதவில்லை. ‘சாசனப் பள்ளி’ என்போரும் உண்டு. அது வடசொல் என்பது எனக்குப் பெரிய குறையல்ல. பொருள் தலைகீழாகப் போவதுதான் குறை. சாசனம் சந்திர சூரியர் உள்ளவரை செல்லும் என்று வெட்டி வைப்பது. மாசசூசெட்ஸிலும் நியூயார்க்கிலும் இந்தப் பள்ளிக்குத் தரும் அனுமதியோ ஐந்தாண்டுக்கு மேல் இல்லை. சொன்ன தரத்தை எட்டாவிட்டால் புதுப்பிக்க மாட்டார்கள், பள்ளியை மூடிவிடுவார்கள். எத்தனை பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பதும் அதிலேயே எழுதப்பட்டிருக்கும். கெடு, நிபந்தனை, புதுப்பித்தல், ரத்து எல்லாம் உள்ள ஏட்டுக்குத் தமிழில் ஒப்பந்தம் என்றுதான் பெயர். ஆகவே ‘ஒப்பந்தப் பள்ளி’. ஒப்பந்தத் தொழிலாளி நினைவு வருகிறது என்று ஒரு நண்பர் முகம் சுளித்தார். வரட்டும், கெடு முடிந்தால் நிலைக்குமா என்ற அந்த நிச்சயமின்மையும் இந்தப் பள்ளிக்கு உண்மைதானே.

அடுத்த வதை, ‘என்ரோல்மென்ட் கேப்’ என்பதைச் ‘சேர்க்கைத் தடை’ என்று எழுதுவது. மாசசூசெட்ஸில் இருப்பது தடையல்ல. ஒரு மாவட்டத்தின் பள்ளிச் செலவில் 9 விழுக்காட்டுக்கு மேல் ஒப்பந்தப் பள்ளிகளுக்குப் போகக்கூடாது. தேர்ச்சியில் மிகவும் பின்தங்கிய மாவட்டங்களில் 18 வரை போகலாம். பிள்ளையோடு பணம் போவதால் இதுவே சேர்க்கைக்கும் எல்லை. அதைத் தளர்த்தலாமா என்று 2016இல் வாக்கெடுப்பு நடத்தியபோது, சுமார் 62 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். பிள்ளையோடு பணமும் போனால் மிச்சமுள்ள பள்ளி என்னாகும் என்பதே அவர்கள் கவலை. சேர்க்கைக் குலுக்கலில் பெயர் வராமல் காத்திருக்கும் வீட்டாரின் ஏக்கமும் பொய்யல்ல. இந்த இழுபறியைத் ‘தடை’ என்று எழுதினால் ஒரு தரப்பின் வாதம் மட்டுமே மிஞ்சும். நில உச்சவரம்பு என்று 1961 முதல் சட்டத்திலேயே சொல்லிப் பழகியவர்கள் நாம். ‘சேர்க்கை உச்சவரம்பு’ என்று எழுதக் கை கூசுவானேன்?

‘கோ-லொக்கேஷன்’ என்பதற்குப் போட்ட ‘இட ஒதுக்கீடு’தான் எல்லாவற்றிலும் கொடியது. நியூயார்க்கில் ஒரே அரசுக் கட்டடத்தில் பழைய பள்ளி ஒரு மாடியிலும் ஒப்பந்தப் பள்ளி இன்னொரு மாடியிலும் நடக்கின்றன. உணவுக்கூடத்துக்கும் நூலகத்துக்கும் விளையாட்டுக்கூடத்துக்கும் முறை வைத்துக்கொள்கிறார்கள். பெற்றோரின் சண்டை அதைப் பற்றியது. தமிழில் இட ஒதுக்கீடு என்ற சொல்லுக்கு நூறாண்டுச் சமூகநீதி வரலாறு இருக்கிறது. அகராதியைப் புரட்டி இரண்டு சொற்களை ஒட்டவைக்கும் மொழிபெயர்ப்பாளர் எழுதியதை ஒருமுறை வாய்விட்டுப் படித்திருந்தால் உறைத்திருக்கும். ‘கட்டடப் பகிர்வு’ போதும்.

தலைப்பை மாற்றினேன்: ‘நியூயார்க்கில் ஒப்பந்தப் பள்ளிகளுடன் கட்டடப் பகிர்வு: பெற்றோர் எதிர்ப்பு’. அக்கா படித்துவிட்டு, “பழைய பள்ளிக்கு எத்தனை வகுப்பறை மிஞ்சும்?” என்று கேட்டார்.