ரீபிராண்டிங்: பழைய சூட்டு மேல புது சூடு

ஓசூர்ல எங்க ஷிஃப்ட்ல ஒரு வங்காளத்துப் பையன் இருக்கான், தமிழ் நல்லாவே பேசுவான், கொல்கத்தா கால்பந்து கிளப் மோகன் பகானோட மேட்ச் இருக்குற அன்னைக்கு மட்டும் ஓவர்டைம் குடுத்தாலும் வேணாம்னுடுவான். 2023 மார்ச் 18 ராத்திரி கோவால பெங்களூரு டீம பெனால்டில ஜெயிச்சு அவங்க ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கப்ப தூக்குனாங்க, பையன் நல்லா உக்காந்துதான் பாத்துக்கிட்டு இருந்தான், அப்புறம் ஓனர் சஞ்சீவ் கோயங்கா டீம் பேர்ல இருந்து 'ஏடிகே'ய (2020ல இவங்களோட சேத்த இன்னொரு கொல்கத்தா டீமோட பேரு) எடுத்துடப் போறோம்னு சொன்னாரு பாருங்க, அப்பதான் அழுதான். மறுநாள் டீக்கடைல கேட்டான், "அண்ணா, ரீபிராண்டிங்குக்கு தமிழ்ல என்னா?" எனக்கு சட்டுனு வரல. 'மறுவணிகமுத்திரையிடல்'னு ஒண்ண ஒட்டவச்சு சொன்னேன், நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள அவன் டீயே குடிச்சு முடிச்சிட்டான்.

அப்புறம்தான் உக்காந்து தோண்டுனேன். பிராண்ட்ங்கறது பழைய ஜெர்மானிய மொழிக் குடும்பத்துச் சொல்லு, மொதல்ல அதுக்கு எரியுறது, கொள்ளிக்கட்டைன்னு தான் அர்த்தம். அப்புறம் இரும்ப பழுக்கக் காய்ச்சி மாட்டு மேல, பீப்பா மேல வைக்கிற தழும்புக்கு அதே பேரு வந்துச்சு, அங்கேருந்து சரக்கு மேல போடுற முத்திரைக்கு, கடைசில ஒரு கம்பெனியோட பேரு, கலரு, மதிப்பு எல்லாத்துக்கும். நாம 'பிராண்ட் நியூ பைக்'னு சொல்றோமே அதுலயும் இருக்கறது இதே நெருப்புதான், உலைல இருந்து இப்பதான் எடுத்ததுன்னு அர்த்தம்.

அப்ப ரீபிராண்டிங்னா? பழைய சூட்டு மேல இன்னொரு சூடு. எங்க பெரியப்பா குந்தாரப்பள்ளி சந்தைக்கு மாடு ஓட்டிக்கிட்டுப் போனவரு, தொடைல ரெண்டு சூடு இருந்தா மாடு கை மாறியிருக்குதுன்னு சொல்லுவாரு. இதவிட நல்ல விளக்கத்த எந்த மேனேஜ்மென்ட் புக்லயும் நான் பாக்கல.

நம்மகிட்ட இதுக்குப் பழமொழியே இருக்குது, புலியப் பாத்து பூனை சூடு போட்டுக்கிட்ட கதை. இங்கிலாந்துல ஹல் சிட்டின்னு ஒரு கிளப், 1904ல ஆரம்பிச்சது, மஞ்சளும் கருப்புமா சட்டை போடறதால ஊர்க்காரங்களே செல்லமா டைகர்ஸ்னுதான் கூப்பிடுவாங்க. 2013ல ஓனர் அசெம் ஆலம் 'சிட்டி' சாதாரண பேரு, எல்லாருக்கும் இருக்குது, இனிமே 'ஹல் டைகர்ஸ்'னு கெளம்புனாரு. இங்க கதை தலைகீழ், புலிய புடிச்சு வச்சு புலிச்சூடு போடப் பாத்தாங்க! ரசிகருங்க 'சாகுற வரைக்கும் சிட்டி'ன்னு பாடுனாங்க, அவரு எப்ப வேணா சாகட்டும்னு பதில் சொன்னாரு. 2014ல இங்கிலாந்து கால்பந்து சங்கம் முடியாதுன்னுடுச்சு, 2015ல மறுபடி கேட்டும் அதே பதில்தான்.

வேல்ஸ்ல இருக்குற கார்டிஃப் கிளப் கதை இதவிட சிக்கலு. காலங்காலமா நீலச் சட்டை, பட்டப்பேரே நீலப்பறவை, 2012ல மலேசியா ஓனர் வின்சென்ட் டான் சட்டைய சிவப்பாக்கி நடுவுல டிராகன வச்சு பறவைய கீழ சின்னதா தள்ளிட்டாரு, ஆசியாவுல சிவப்புக்கு ராசி, விக்கும்னு கணக்கு. வம்பு என்னன்னா அந்த சிவப்புலயே டீம் 2013ல அங்க உச்ச லீகான பிரீமியர் லீகுக்கு ஏறிடுச்சு. எத்தன வருஷமா காத்துக்கிட்டு இருந்தது நடந்துடுச்சு, ஆனா கண்ணு முன்னாடி ஓடறது வேற யாரோ மாதிரி இருக்குது, சந்தோஷப்படறதா கோவப்படறதான்னே தெரியாம எத்தனையோ பேரு நீல ஸ்கார்ஃப போட்டுக்கிட்டே போய் கத்துனாங்க. பொண்ணு கல்யாணம் நல்லபடியா நடக்குது, பத்திரிகைல மட்டும் அப்பா பேரு மாத்தி அடிச்சிருக்குதுன்னு வைங்க, அந்த மாதிரி. 2015 ஜனவரில நீலம் திரும்பி வந்துச்சு, ஒத்துமையா இருக்கணும்னு அம்மா சொன்னதையும் டான் அப்ப சொன்னாரு. எந்த நாடா இருந்தா என்ன, அம்மா பேச்சுதான்.

நம்ம ஊரு கபடி டீமுக்கும் இது நடந்துச்சு. ஊர் சாமி பேர்ல இருந்த டீமுக்கு ஒரு பைனான்ஸ்காரரு பனியன் எடுத்துக் குடுத்தாரு, முதுகுல அவர் பேரு பெருசா, சாமி பேரு கைல சின்னதா. சாமி கோச்சுக்குதோ இல்லையோ பூசாரி கோச்சுக்கிட்டாரு, ரெண்டு வாரம் தேங்காய் உடைக்க வரல.

சரி, தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். 'வணிகக்குறி' டிரேட்மார்க்குக்கு சரி, ஆனா கடை வாசனை அடிக்குது. 'இலச்சினை' லோகோவுக்கு நல்லா இருக்குது, ஆனா அது வடமொழி வழியா வந்தது, வெறும் படத்தோட நின்னுடுது. 'மறுபெயரிடல்' பேரு மட்டும் மாறுனா போதும், கலரு மாறுனா பத்தாது. எனக்குப் புடிச்சது 'பொறி'. கரிகாலன் இமயத்துல புலிய பொறிச்சான்னு சொல்லுவோமே அந்தப் பொறி, அடையாளச் சின்னம்னு அர்த்தம். தீப்பொறிலயும் அதே சொல்லுதான் நிக்குது, அங்க பிராண்ட்ல நெருப்பும் தழும்பும் ஒண்ணா இருக்கற மாதிரியே இங்கயும். அதனால ரீபிராண்டிங்குக்கு 'பொறிமாற்றம்'னு நான் எழுதறேன், பேச்சுல 'சூடு மாத்துறது'ன்னா எங்க பக்கத்து ஆளுங்களுக்கு இன்னும் சுளுவா புரியும். சோழருங்க செப்பேட்டு முத்திரைல தங்களோட புலிக்குப் பக்கத்துலயே பாண்டியன் மீனையும் சேரன் வில்லையும் வச்சிருக்காங்க, ஜெயிச்சவங்க கூட அழிக்கலன்னு கோயங்காவுக்கு யாராவது 2020லயே சொல்லியிருக்கலாம். ஆனா அங்கயும் மோகன் பகான் பாய்மரப் படகு அப்படியேதான் இருந்துச்சு, முன்னாடி மூணு எழுத்து ஏறுனதுதான் ஆகல, 1889ல பொறந்து, 1911ல பெரும்பாலும் வெறுங்கால்லயே ஆடி வெள்ளக்காரப் பட்டாளத்து டீம 2-1ன்னு ஜெயிச்ச கிளப்புக்கு 2014ல பொறந்த டீமோட பேர முன்னாடி போட்டா எப்படி.

தர்மபுரிக்காரனுக்கு இது புரியும், அதியமான் ஊரு தகடூர்தான் இது, பேரு மாறி எத்தன காலமாச்சு, இன்னைக்கும் தகடூர்னு பேரு வச்சா ஒரு கெத்துதான.

இன்னொரு சொல்லு பாக்கி இருக்குது, ஓனர். 'உரிமையாளர்'னு எழுதுவோம், பேசும்போது 'சொந்தக்காரர்'. தமிழ்ல சொந்தம்னா காசு குடுத்து வாங்கனதும் சொந்தம், அத்தை மாமாவும் சொந்தம். கிளப்ப வாங்கனவரு ஒரு சொந்தக்காரரு, தாத்தா காலத்துல இருந்து கேலரில உக்காந்திருக்கறவங்க இன்னொரு மாதிரி சொந்தக்காரங்க, ரெண்டு பேரும் 'இது எங்களுது'ன்னு ஒரே சொல்லத்தான் சொல்றாங்க, பத்திரம் ஒருத்தர்கிட்ட மட்டும் இருக்குது.

இதெல்லாம் பையன்கிட்ட சொன்னேன். ஏடிகே போய் இப்ப பின்னாடி 'சூப்பர் ஜெயன்ட்'னு ஒண்ணு ஒட்டிக்கிச்சு, அதே ஓனரோட லக்னோ கிரிக்கெட் டீம் பேரு, அதுக்கும் அவன் மூஞ்ச தூக்கி வச்சிக்கிட்டுதான் இருக்கான். பொறின்னதும் யோசிச்சான். "ரூம்ல எலிக்கு வைக்கிறோமே, அந்தப் பொறியா அண்ணா?"

ஆமாண்டா, அதே சொல்லுதான்னேன். "அப்ப கரெக்டு"ன்னுட்டு பஞ்ச் வைக்க ஓடிட்டான்.