அறிவுக்கு மறுசேர்க்கையா?

‘நிறுவனங்கள் அறிவு மறுசேர்க்கை வழியாகப் புத்தாக்கம் செய்கின்றன.’ மேலாண்மை பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளில் இந்த மாதிரி வாக்கியம் அடிக்கடி கண்ணில் படுகிறது. புத்தாக்கம் சரி, பழகிவிட்டது. மறுசேர்க்கைதான் ஒவ்வொரு முறையும் இடறுகிறது. படிப்பை விட்டுப்போன மாணவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்வதற்கு நாம் வைத்திருக்கும் சொல் அது. அறிவு எப்போது டிசி வாங்கிக்கொண்டு போனது, இப்போது திரும்பி வர?

ஆங்கில மூலச் சொல் ரீகாம்பினேஷன். ஏற்கெனவே உள்ள அறிவுத் துண்டுகளைப் புது விதமாகச் சேர்ப்பதை மேலாண்மையில் அப்படிச் சொல்கிறார்கள். லத்தீனில் ‘காம்’ என்றால் உடன். ‘பீனி’ என்றால் இரண்டிரண்டாக. இரண்டைச் சேர்ப்பது காம்பினேஷன், முன்னால் ‘ரீ’ வந்தால் திரும்பவும் சேர்ப்பது. பிறப்புக் கதை அவ்வளவுதான். பொருளியலில் இந்த எண்ணத்துக்கு வேர் போட்டவர் ஜோசப் ஷும்பீட்டர். 1911இல் ஜெர்மன் மொழியில் வந்த நூலில், தொழில்முனைவோரின் வேலையே ‘புதிய சேர்க்கைகளை’ நடைமுறைக்குக் கொண்டுவருவதுதான் என்றார். புதுப் பொருள், புது உற்பத்தி முறை, புதுச் சந்தை, மூலப்பொருள் கிடைக்கும் புது இடம், தொழிலமைப்பில் புது ஏற்பாடு என்று ஐந்தையும் அதற்குள் அடக்கினார். அவர் அழுத்திச் சொன்னது ‘புதிய’ என்பதை. ‘ரீ’ பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது.

சொல் எதைக் குறிக்கிறது என்று பார்க்க, மஞ்சள் ஒட்டுத்தாளை எடுத்துக்கொள்வோம். 1968இல் 3எம் நிறுவனத்தில் ஸ்பென்சர் சில்வர் என்ற வேதியியலாளர் வலுவான பசை தேடப்போய், ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் ஒன்றைச் செய்துவிட்டார். உரித்தால் வந்துவிடும், திரும்ப ஒட்டலாம். அது எதற்கு உதவும் என்று பல வருடம் யாருக்கும் பிடிபடவில்லை. அதே நிறுவனத்தில் ஆர்ட் ஃப்ரை என்பவர் தேவாலயப் பாடகர் குழுவில் பாடுபவர். பாட்டுப் புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்த தாள்கள் நழுவி விழுந்துகொண்டே இருந்தன. சில்வரின் பசை அவர் நினைவுக்கு வந்தது. 1980இல் அமெரிக்கா முழுக்க விற்பனைக்கு வந்தது ஒட்டுத்தாள். பசையும் முன்பே இருந்தது, தாளும் இருந்தது. இரண்டும் அதற்கு முன் இப்படிச் சேர்ந்ததில்லை.

இதைப் போய் ‘மறு’சேர்க்கை என்றால் எப்படி? எது முன்பு சேர்ந்திருந்து, பிரிந்து, மறுபடி சேர்ந்தது? உயிரியலில் மறுசேர்க்கை என்ற சொல் ஓடுகிறதே என்பார்கள். ஓடட்டும். அங்கே டிஎன்ஏ இழை வெட்டுப்பட்டு மறுபடி ஒட்டுகிறது, அதனால் ‘மறு’வுக்கு ஒரு வேலை இருக்கிறது. அதை அப்படியே தூக்கி நிறுவனத்துக்குப் போர்த்தினால் பொருந்தாது. மறுகூட்டல் என்று எழுதுபவர்களும் உண்டு. தேர்வு முடிவு வந்த வாரத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று எந்த மாணவரிடமும் கேட்டுப் பாருங்கள். மறுஇணைப்பு என்றால் கட்டணம் கட்டாமல் துண்டித்த மின்சாரம் திரும்பி வருவது. மீள்சேர்க்கையில் ‘மறு’வைக் கழற்றி ‘மீள்’ மாட்டியதைத் தவிர வேறு மாற்றமில்லை. ‘ரீ’யைப் பார்த்ததும் ‘மறு’ என்று கை தானாக எழுதுவதுதான் எல்லாவற்றுக்கும் காரணம். முன்னொட்டை மொழிபெயர்த்துவிட்டு, பொருளை விட்டுவிடுகிறார்கள்.

என் தேர்வு ‘புதுச் சேர்மானம்’. சேர்மானம் புதிதாகக் கட்டிய சொல் அல்ல. மருந்தில் எதோடு எது சேர்கிறது என்று சொல்லும்போது காலங்காலமாகப் புழங்குவது. ஏற்கெனவே உள்ள சரக்குகள், அவற்றைச் சேர்க்கும் அளவு, அதிலிருந்து கிடைக்கும் வேறொரு குணம் என மூன்றும் அந்த ஒரே சொல்லில் இருக்கின்றன. வேதியியல் பாடத்தில் வரும் சேர்மத்தோடு குழம்பாதா என்றால், குழம்பாது. இடம் பார்த்துப் புரிந்துகொள்ள நமக்குத் தெரியும். ஒரே ஒரு வேண்டுகோள்: யாரும் ‘சேர்மானித்தல்’ என்று வினையாக்கிவிடாதீர்கள். புதுச் சேர்மானம் காண்பது, செய்வது என்றாலே போதும்.

அப்புறம், சேர்ப்பதற்கு முன்னால் தேட வேண்டுமே. நிறுவனங்கள் பெரும்பாலும் தமக்குத் தெரிந்த துறைக்குப் பக்கத்திலேயே தேடும். ஆங்கிலத்தில் இதற்கு ‘லோக்கல் சர்ச்’ என்று பெயர். உடனே ‘உள்ளூர்த் தேடல்’ என்று ஒரு பெயர்ப்பு. பக்கத்துத் தெருவில் தேடுவது என்றுதானே படிப்பவர் நினைப்பார்? இங்கே அருகு என்பது தெரிந்த அறிவுக்கு அருகு. அருகமைத் தேடல் என்று எழுதலாம். தொலைவில் தேடியதற்கு நல்ல உதாரணம் ஃபோர்டு. நகரும் வரிசையில் காரை அடுக்கிக் கட்டும் யோசனை, சிகாகோ இறைச்சிக்கூடங்களில் தலைக்கு மேல் தொங்கி நகர்ந்த உடல்களை ஆளுக்கொரு துண்டாக வெட்டிய முறையிலிருந்து பெற்றது. 1913இல் தொடங்கியது, ஒரு காரின் அடிச்சட்டகத்தைப் பூட்ட ஏறத்தாழ 12½ மணி நேரம் பிடித்த இடத்தில் அடுத்த ஆண்டுக்குள் சுமார் 1½ மணி நேரம் போதுமானது. கார் செய்பவர்களுக்கு நடுவிலேயே தேடிக்கொண்டிருந்தால் அது கண்ணில் பட்டிருக்குமா?

இந்தப் பெயர்ப்புகள் எல்லாவற்றிலும் மோசமானது இன்னொன்று. 1991இல் ஜேம்ஸ் மார்ச் என்ற அறிஞர் நிறுவனங்களின் கற்றலை இரண்டாகப் பிரித்தார்: தெரியாததைத் துருவிப் பார்ப்பது ஒன்று, தெரிந்ததை மெருகேற்றிப் பலன் எடுப்பது மற்றொன்று. அவர் இரண்டாவதற்கு இட்ட பெயர் எக்ஸ்ப்ளாய்டேஷன். அகராதியைத் திறந்து முதலில் கண்ட பொருளை எடுத்துப் போட்டு ‘சுரண்டல்’ என்று எழுதிவிடுகிறார்கள். ‘தன் அறிவைத் தானே சுரண்டும் நிறுவனம் நிலைத்து நிற்கும்’ என்று ஒரு வரி வந்தால் தொழிற்சங்கக்காரர் என்ன நினைப்பார்? ‘பயன்கொள்ளல்’ என்று எழுதினால் அந்த வரி யாருக்கும் புரியும்.