கசந்தால் கெட்டுப்போனதா?

போன வாரம், பெயர் தெரியாமல் ஒயினைச் சுவைத்துத் துப்பி எதுவென்று கண்டுபிடிக்கும் பயிற்சியில் ஆறு கிளாஸ் வைத்தேன். மூன்றாவதில் இத்தாலியின் மார்க்கே பகுதி வெர்டிக்கியோ, அதே பெயர்கொண்ட திராட்சையின் வெள்ளை ஒயின். 11 பேரில் நான்கு பேர் பினோ கிரிஜியோ என்று வேறொரு வெள்ளை ஒயினின் பெயரை எழுதினார்கள். சரி, அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். இரண்டு பேர் ‘கடைசியில் கசக்கிறது, ஒயின் கெட்டிருக்கிறது’ என்று எழுதி கிளாஸையே தள்ளிவைத்துவிட்டார்கள். இந்த வரியை இன்னும் எத்தனை விடைத்தாளில்தான் பார்ப்பது?

கசப்பு வேறு, பழுது வேறு. கார்க்கால் கெட்ட ஒயினில் நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடிக்கும், பழ மணம் அமுங்கிப்போகும். காற்றுப்பட்டுக் கெட்டதில் நறுக்கிவைத்துப் பழுப்பேறிய ஆப்பிள் மணம் வரும். இரண்டையும் மூக்கே காட்டிக்கொடுத்துவிடும். வெர்டிக்கியோவின் கசப்போ மூக்குக்கு எட்டாது. துப்பிய பிறகுதான் வரும். தோல் உரிக்காத பாதாமை மென்றால் முதலில் இனித்து, பிறகு அடிநாக்கில் மெல்லக் கசக்குமே, அதேதான். அதைப் பழுது என்று எழுதினால் கையில் கிடைத்த விடையைத் தூக்கி எறிந்துவிட்டீர்கள்.

சோவே என்ற இத்தாலிய வெள்ளை ஒயினிலும் பாதாம் வருமே என்பீர்கள். வரும். ஆனால் அதில் குறைந்தது 70 சதவீதம் கர்கானெகா திராட்சை, புளிப்பு சற்று மென்மை. வெர்டிக்கியோவின் புளிப்பு இரண்டு கன்னத்திலும் எச்சில் ஊற வைக்கும். கூடவே எலுமிச்சை, பச்சை ஆப்பிள், சில சமயம் சோம்பு. பினோ கிரிஜியோவில் பெரும்பாலும் இந்தப் புளிப்பு இருக்காது. வெர்டிக்கியோவில் பச்சைச் சாயல் இருக்கும், பெயரே பச்சையைக் குறிக்கும் ‘வெர்டே’ என்ற இத்தாலியச் சொல்லிலிருந்து வந்ததுதான். ஆனாலும் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், வயது ஏறினால் பொன்னிறமாகிவிடும்.

(லுகானா ஒயினை வெர்டிக்கியோ என்று எழுதுபவருக்கு நான் மதிப்பெண் குறைப்பதில்லை. அங்குள்ள துர்பியானா திராட்சை இதற்கு அவ்வளவு நெருங்கிய உறவு.)

வெர்டிக்கியோ விளைந்தது கடல் பக்கம் திறந்த யேசி குன்றுகளிலா, மலை சூழ்ந்த மதேலிகா பள்ளத்தாக்கிலா என்பதெல்லாம் அப்புறம். முதலில் திராட்சையைப் பிடியுங்கள்.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு சுவைக்காதீர்கள். அதிகக் குளிர் மணத்தை அடக்கிக் கசப்பைத் தூக்கிக் காட்டும். 10–12 டிகிரிக்கு வரட்டும். காபி குடித்த வாயோடும், பல் துலக்கிய கையோடும் வராதீர்கள். சென்ட் கூடவே கூடாது. துப்பியதும் பேனாவை எடுக்காதீர்கள், பத்து வரை எண்ணுங்கள். தயவுசெய்து எண்ணுங்கள்.

அந்த இரண்டு பேரையும் மறுபடி சுவைத்து எண்ணச் சொன்னேன். எட்டு எண்ணுவதற்குள் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். “பாதாம் தோல், மேடம்” என்றார்.